பூவா தலையா: கிரேக்க வெள்ளிக் காசில் அரசனைக் கண்டுபிடிப்பது எப்படி?

காசைச் சுண்டிவிட்டு இன்றும் "பூவா தலையா" என்றுதான் கேட்கிறோம். நம் பையில் இருக்கும் ரூபாய்க் காசில் தலையே கிடையாது, அசோகர் தூணின் சிங்கங்கள்தான் இருக்கின்றன. ராணி தலை, ராஜா தலை போட்ட காசெல்லாம் போய்ப் பல காலமாகியும் பேச்சில் அந்தத் தலை நிற்கிறது. உயிரோடு இருக்கும் அரசன் தன் முகத்தைக் காசில் போட்டுக்கொள்வது வழக்கமாகப் பரவியது அலெக்சாண்டருக்குப் பின் வந்த கிரேக்க அரசர்களால்தான். அதற்கு முன் லிசியா நாட்டுச் சிற்றரசர்கள், பாரசீக ஆளுநர்கள் என்று ஓரிருவர் செய்து பார்த்ததுண்டு. ஆனால் கிரேக்க நகரங்களில் காசின் தலைப்பக்கம் தெய்வத்துக்கு உரிய இடம். ஏதென்ஸ் காசில் அதீனா, சிராகூஸ் காசில் அரெதூசா. அந்த இடத்தில் ஒரு மனிதன் உட்கார வேண்டுமென்றால் நேராகப் போய் உட்கார முடியாது. முதலில் தெய்வத்தின் உடுப்பை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதனால் இந்தக் காசுகளைப் படிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, முகத்தைப் பார்க்காதீர்கள், தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். முகம் ஏமாற்றும். தலையில் கட்டியிருப்பதும் முளைத்திருப்பதும் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. கீழே சொல்லும் வரிசையில் பார்த்துப் பழகினால், அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றோ இணையத்தில் படத்தைப் பெரிதாக்கியோ, பெயர்ப் பலகையைப் படிக்காமலே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம்.

முதல் படி: எந்தக் காசு, எந்தப் பக்கம்

அரச உருவங்களைப் பார்க்க ஏற்றது நாலு ட்ராக்மா வெள்ளிக் காசு (ட்ராக்மா என்பது கிரேக்கரின் காசு அளவு). ஏதென்ஸ் எடை முறையில் அது ஏறத்தாழ 17.2 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் மேல். அகலம் நம் பத்து ரூபாய்க் காசு அளவுதான். எடை மட்டும் அதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம், அதனால் நல்ல தடிமன். எகிப்தை ஆண்ட தாலமிகள் இதை 14 கிராம் சொச்சத்துக்குக் குறைத்துக்கொண்டார்கள். ஆக, எடையே ஒரு துப்பு.

காசு அடிக்கும்போது ஓர் அச்சைப் பட்டறைக் கல்லில் பதித்துவைப்பார்கள். அதன்மேல் சூடான வெள்ளி வில்லை, அதற்கும் மேல் இன்னோர் அச்சு, பிறகு சம்மட்டியால் ஓர் அடி. கீழே பதித்த அச்சில் பள்ளம் ஆழமாக இருக்கும், அதில் விழுந்த உருவம்தான் புடைத்துத் தெரியும். அதுவே தலைப்பக்கம். கை வேலை என்பதால் உருவம் நடுவில் விழாமல் ஓரம் தள்ளியும் போகும். கொம்பின் நுனியோ பெயரின் கடைசி எழுத்தோ வில்லைக்கு வெளியே போயிருக்கலாம். ஒன்று தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இதை நான் கொஞ்சம் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நாணயக் கண்காட்சியில் "அசல் கிரேக்கக் காசு" என்று ஆசையாக வாங்கியதை, அனுபவமுள்ள பெரியவர் ஒருவரிடம் நீட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரல் நகத்தை விளிம்பு முழுக்க ஒரு சுற்று ஓட்டினார். "தம்பி, இங்கே ஒரு கோடு தட்டுது பாருங்க. இது வார்த்த காசு, அடிச்ச காசு இல்லை" என்றார். இரண்டு அச்சுகளைச் சேர்த்து உலோகத்தை ஊற்றினால் ஓரத்தில் தையல் மாதிரி ஒரு கோடு நிற்கும். அது இன்னும் என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இரண்டாம் படி: பட்டம் கட்டியிருக்கிறதா?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. கிரேக்க அரசனின் அடையாளம் பொன் கிரீடம் அன்று. நெற்றியைச் சுற்றிப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்ட ஒரு துணிப் பட்டை. முடிச்சிலிருந்து இரண்டு நுனிகள் கழுத்துப் பக்கம் தொங்கும். கிரேக்கத்தில் இதற்கு டையடேமா என்று பெயர். தமிழில் நமக்கு இதைவிட நல்ல சொல் கையிலேயே இருக்கிறது: பட்டம். "பட்டம் கட்டினார்கள்" என்கிறோமே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை.

வெறும் துணிதானா என்று தோன்றும். துணிதான். அதன் மதிப்பு எவ்வளவு என்பதற்கு அர்ரியன் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கதை வைத்திருக்கிறார். பாபிலோனுக்கு அருகே சதுப்பு நீரில் அலெக்சாண்டர் படகில் போகும்போது காற்று அவருடைய தொப்பியையும் பட்டத்தையும் அடித்துக்கொண்டு போனது. தொப்பி தண்ணீரில் விழுந்தது, பட்டம் ஒரு நாணலில் சிக்கியது. படகோட்டி ஒருவன் நீந்திப் போய் அதை எடுத்தான். திரும்பும்போது நனைந்துவிடக் கூடாதே என்று தன் தலையில் கட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒரு தாலந்து வெள்ளி, அதாவது பெருந்தொகை, பரிசு கிடைத்தது. அரசன் தலையில் இருந்ததைத் தன் தலையில் வைத்ததற்காகத் தண்டனையும் கிடைத்தது என்கிறார்கள். எடுத்துவந்தது செலூக்கஸ் என்று சொன்னவர்களும் உண்டு. பின்னால் அவரே பேரரசர் ஆனதால் அந்தக் கதை யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம்.

அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்த பிறகும் அவருடைய தளபதிகள் உடனே தங்களை அரசர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கி.மு. 306இல் சைப்ரஸ் தீவின் சலாமிஸ் கடற்போரில் தெமெட்ரியஸ் தாலமியை வென்றார். அந்த வெற்றியைச் சாக்காக வைத்து அவருடைய தந்தை, அலெக்சாண்டரின் தளபதிகளில் ஒருவரான ஆன்டிகோனஸ், பட்டம் கட்டிக்கொண்டார், மகனுக்கும் ஒன்று அனுப்பினார். இரண்டே ஆண்டுகளுக்குள் தாலமி, செலூக்கஸ், லிசிமாகஸ், கசாண்டர் எல்லோரும் அரசர்கள் ஆகிவிட்டார்கள். காசில் பட்டம் கட்டிய தலைகள் வரிசையாக வரத் தொடங்குவது இந்தச் சமயத்திலிருந்துதான்.

சரி, பட்டம் இல்லாத தலை என்றால்? பெரும்பாலும் தெய்வம். இலை மாலை சூடிய தாடிக்காரர் சீயஸ், தாடியில்லாமல் இலை மாலையும் நீண்ட முடியும் இருந்தால் அப்பல்லோ, தலைக்கவசம் அணிந்த பெண் அதீனா. டயோனிசஸுக்கும் நெற்றியில் ஒரு பட்டை உண்டு, கூடவே ஐவிக் கொடி இருந்தால் அது அவர்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று இருக்கிறது. அலெக்சாண்டர் காலத்து நாலு ட்ராக்மா காசில் சிங்கத்தோல் போர்த்திய இளைஞன் தலை இருக்கும். சிங்கத்தின் மேல்தாடை நெற்றிக்கு மேல், முன்கால்கள் கழுத்தடியில் முடிச்சு. "இதோ அலெக்சாண்டர்" என்று கடைக்காரர் முதல் தொலைக்காட்சிவரை சொல்வார்கள். அது ஹெராக்லிஸ். மாசிடோனிய அரச குடும்பம் தன்னை ஹெராக்லிஸின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டது, அலெக்சாண்டருக்கு முந்திய அரசர்கள் காசிலும் அவர் இருந்தார். முகச்சாயல் கொஞ்சம் அலெக்சாண்டர் பக்கம் சாய்ந்ததா என்பது தீராத வழக்கு. என் கட்சி: பார்த்தவர்கள் அப்படி நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தார்கள். தெய்வம் என்றால் தெய்வம், அரசன் என்றால் அரசன். யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அரசன் முகம் காட்டாமல் காசுக்குள் வரும் வேறு வழிகளும் இருந்தன. பாரசீக வெள்ளிக் காசான சிக்லோஸில், வில்லோடு முழங்கால் மடக்கி ஓடும் ஓர் அரசர் இருக்கிறார். பெயரும் இல்லை, தனிச் சாயலும் இல்லை, பொதுவாக "மாமன்னர்". அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் ஃபிலிப் வேறு மாதிரி. அவர் காசின் முன்பக்கம் சீயஸ், பின்பக்கம் குதிரைமேல் ஈச்ச ஓலை பிடித்த சிறுவன். கி.மு. 356 ஒலிம்பியாவில் ஃபிலிப்பின் குதிரை ஜெயித்த செய்தி, தளபதி பார்மேனியன் போரில் வென்ற செய்தி, அலெக்சாண்டர் பிறந்த செய்தி மூன்றும் ஒரே சமயத்தில் வந்ததாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். முகம் போடவில்லை, ஜெயித்த குதிரையைப் போட்டார். பந்தயம் பிடித்த ஊர்களுக்கு அது புரிந்திருக்கும்.

மூன்றாம் படி: கொம்பு, தோல், கவசம், தொப்பி

பட்டம் இருந்தால் அரசன். அவன் எந்தத் தெய்வத்தோடு உறவு கொண்டாடுகிறான் என்பதைக் காதோரம் பாருங்கள்.

காதைச் சுற்றிச் சுருண்டு வரும் தடித்த கொம்பு செம்மறிக் கடாவின் கொம்பு. எகிப்தின் அம்மோன் தெய்வத்துக்கு உரியது. கி.மு. 331இல் அலெக்சாண்டர் பாலைவனம் தாண்டி சிவா சோலைக்குப் போனபோது, அங்கிருந்த பூசாரி அவரை அம்மோனின் மகன் என்று வரவேற்றதாகச் சொல்வார்கள். அதனால் கடாக் கொம்பு இருந்தால் பெரும்பாலும் அது இறந்து தெய்வமான அலெக்சாண்டர்.

நெற்றிக்கு மேல் முடிக்குள்ளிருந்து சிறிதாக நீட்டிக்கொண்டிருப்பது காளைக் கொம்பு. அது தெமெட்ரியஸின் தலையில் இருக்கும். பின்பக்கம் போசைடன் நிற்பதால் அந்தக் கொம்பைக் கடல் தெய்வத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு, டயோனிசஸோடு சேர்ப்பவர்களும் உண்டு. இந்தத் தெமெட்ரியஸ் தன் முகத்தைத் தன் காசில் போடத் துணிந்த முதல் சிலரில் ஒருவர், பார்க்கவும் அழகர். கொம்பு அவர் முடிக்கு நடுவே அவ்வளவு இயல்பாக இருப்பதால் முதல் பார்வையில் கண்ணிலேயே படாது.

செலூக்கஸுக்கும் காளைக் கொம்பு உண்டு. சூசா நகரில் அடித்த ஒரு காசில், சிறுத்தைத் தோல் போர்த்திய தலைக்கவசம், அதில் காளையின் காதும் கொம்பும். முகம் செலூக்கஸா, அலெக்சாண்டரா, டயோனிசஸா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவருடைய இன்னொரு காசில் அதீனாவின் தேரை யானைகள் இழுக்கும், யானைகளின் தலையில் காளைக் கொம்பு! தமிழில் தந்தத்தையே கொம்பு என்போம், கொம்பன் யானை என்போம். இங்கே தந்தமும் இருக்கிறது, அதற்கு மேல் கொம்பும் இருக்கிறது. சந்திரகுப்த மௌரியரோடு செய்த உடன்பாட்டில் செலூக்கஸுக்கு 500 யானைகள் கிடைத்தன. கி.மு. 301 இப்சஸ் போரில் அவரை வெல்லவைத்தவை அவைதான். வாகனத்தையும் தெய்வமாக்கிக் கொம்பு வைத்தது நன்றிக்கடன் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

யானையின் தலைத்தோல் இன்னும் சுவையானது. சிங்கத்தோலுக்குப் பதிலாக யானையின் முகத்தோலை உரித்துத் தலையில் போட்டதுபோல இருக்கும். நெற்றிக்கு மேல் தும்பிக்கை தூக்கி நிற்கும், பக்கத்தில் தந்தம் நீட்டியிருக்கும், பின்னால் காது மடல் தொங்கும். இதை முதலில் செய்தவர் எகிப்தின் முதலாம் தாலமி. அணிந்திருப்பவர் இறந்துபோன அலெக்சாண்டர். ஹெராக்லிஸ் சிங்கத்தை வென்று தோலைப் போர்த்தினார், அலெக்சாண்டர் இந்தியாவை வென்று யானையைப் போர்த்தினார் என்பது செய்தி. இதைப் பெரிதாக்கிப் பாருங்கள்: யானைத் தோலுக்கு அடியில், காதோரம், கடாக் கொம்பும் சுருண்டிருக்கும். கழுத்தில் சீயஸின் ஆட்டுத்தோல் கவசம். ஒரே தலையில் மூன்று உறவு. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு, இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதியில் இருந்த பாக்ட்ரியாவின் கிரேக்க அரசர் முதலாம் தெமெட்ரியஸ், அதே யானைத் தோலைத் தானே போட்டுக்கொண்டார். தாலமி இறந்தவருக்குப் போட்டதை இவர் உயிரோடு போட்டுக்கொண்டார்.

அந்தப் பாக்ட்ரிய அரசர்கள் தலையலங்காரத்தில் தனி ரகம். ஆன்டிமாகஸ் தட்டையான மாசிடோனியத் தொப்பியில், உதட்டோரம் ஒரு அரைச் சிரிப்போடு இருப்பார். தன்னை "தேயோஸ்", அதாவது தெய்வம், என்று எழுதிக்கொண்டவர் அப்படிச் சிரிப்பதுதான் அழகு. யூக்ரடிடிஸ் அகன்ற விளிம்புள்ள குதிரைப்படைக் கவசத்தில், அதிலும் காளைக் காதும் கொம்பும். சில காசுகளில் நமக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஈட்டி எறிகிறார்.

தலையிலிருந்து முள்போலக் கதிர்கள் கிளம்பினால் அது சூரியனின் கதிர்முடி. இதைப் பின்னால் ஒரு சிறுவனின் தலையில் பார்ப்போம்.

நான்காம் படி: இப்போது முகத்தைப் பார்க்கலாம்

அலெக்சாண்டர் முகம் மழித்துக்கொண்டவர். அவருக்குப் பின் வந்த அரசர்களும் அப்படியே. அதனால் தாடி இருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. செலூக்கஸ் வழிவந்த செலூக்கிய அரசர் இரண்டாம் தெமெட்ரியஸ் கி.மு. 145 முதல் ஆண்டார், காசில் மழித்த இளைஞர். பிறகு ஈரான் பகுதியை ஆண்ட பார்த்தியர்களிடம் சிறைப்பட்டார். பத்தாண்டுபோல அங்கே இருந்துவிட்டு கி.மு. 129இல் திரும்பிவந்து மறுபடி ஆண்டார். இரண்டாம் ஆட்சிக் காசுகளில் நீண்ட சுருள் தாடி! பார்த்திய அரசர்கள் தாடி வைப்பவர்கள். அதே பெயர், அதே பட்டம், முகத்தில் பத்தாண்டுச் சிறை.

கண்கள் மேல் நோக்கி, நெற்றிமுடி எழும்பிப் பிரிந்து, தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால் அலெக்சாண்டர் சாயல். அவராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. கருங்கடல் கரையில் இருந்த பொன்டஸ் நாட்டு அரசர் ஆறாம் மித்ரிடேட்ஸ் தன் முடியைக் காற்றில் பறக்கவிட்டு அதே தோரணையைக் கடன் வாங்கினார். அவருடைய மனைவி மொனிமேயின் கதையையும் புளூட்டார்க் சொல்கிறார். தோல்வி நெருங்கியதும் சாகச் சொல்லி அரசரின் ஆணை வந்தது. அவள் தலையிலிருந்த பட்டத்தைக் கழற்றிக் கழுத்தில் கட்டித் தொங்கினாள், அது அறுந்துவிட்டது. இதற்குக்கூடப் பயன்பட மாட்டாயா என்று அதன்மேல் துப்பி வீசி எறிந்தாளாம். பட்டம் துணிதான் என்பதை இதைவிடத் துலக்கமாக யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் அழகாகத் தெரிய விரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாக்ட்ரியாவின் யூதிடெமஸ் பிந்திய காசுகளில் கன்னம் தொங்கிய கிழவர். இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமோனின் ஃபிலிடைரஸ் தடித்த கழுத்தும் சதை போட்ட முகமும் கொண்டவர். முதலாம் தாலமிக்குப் பெரிய மூக்கு, முன்தள்ளிய முகவாய், குழிவிழுந்த கண். தாலமி முகத்தில் ஒரு ரகசியமும் உண்டு: சில காசுகளில் காதுக்குப் பின்னால், முடிச் சுருளுக்குள் மிகச் சிறிய முக்கோணம் ஒன்று ஒளிந்திருக்கும். கிரேக்க எழுத்து டெல்டா. பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. அச்சு வெட்டிய கலைஞனின் கையெழுத்து என்று பலர் நினைக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. தாலமி முகம் இருந்தால் அது முதலாம் தாலமி காலம் என்று எண்ண வேண்டாம். அவருடைய வழிவந்தவர்கள் இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக அதே பாட்டன் முகத்தையே நாலு ட்ராக்மா காசில் அடித்தார்கள். பெர்கமோனிலும் அப்படியே, ஃபிலிடைரஸ் முகம் அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. நம் நோட்டில் காந்தி இருப்பது போலத்தான், படத்தில் இருப்பவர் நோட்டு அடித்தவர் அல்லர்.

ஐந்தாம் படி: பெண் முகம்

அரசியைக் காட்டுவது முக்காடு. தலைமேல் மெல்லிய துணி, அதற்கு முன்னால் பட்டமோ பிறை வடிவ மகுடமோ. சிராகூஸில் இரண்டாம் ஹியேரோனின் மனைவி ஃபிலிஸ்டிஸ் முக்காட்டோடு வெள்ளிக் காசில் இருக்கிறார். பின்பக்கம் நான்கு குதிரைத் தேர், "பசிலிஸ்ஸாஸ் ஃபிலிஸ்டிடோஸ்", அதாவது அரசி ஃபிலிஸ்டிஸுடைய காசு. எகிப்தின் இரண்டாம் அர்சினோயேக்கு முக்காட்டுக்குள் காதோரம் குட்டிக் கடாக் கொம்பு, பின்பக்கம் பழங்கள் வழியும் இரட்டைக் கொம்புக் கலயம்.

இரண்டு தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் யார் முன்னால் என்று பாருங்கள். அரசியல் அங்கேதான் இருக்கிறது. தாலமிகளின் இளவரசி கிளியோபாட்ரா தேயா கி.மு. 150 வாக்கில் செலூக்கிய அரியணையில் இருந்த அலெக்சாண்டர் பாலாஸை மணந்தார். அந்தக் காசில் மணப்பெண் முன்னால், அரசர் பின்னால் எட்டிப்பார்க்கிறார். பெண் வீடு யார் என்பது சந்தேகமே இல்லை. பின்னாளில் மகன் எட்டாம் அன்டியோகஸோடு சேர்ந்து ஆண்டபோதும் அம்மாதான் முன்னால். நடுவில் கொஞ்ச நாள் தனியாகவே காசு அடித்தார்.

ஆறாம் படி: திருப்பிப் பாருங்கள்

பின்பக்கம் குலதெய்வத்தின் இடம். இது எளிது, சீக்கிரம் சொல்லிவிடலாம். சீயஸின் ஆயுதமான இடியின்மேல் நிற்கும் கழுகு என்றால் தாலமிகள். அலெக்சாண்டர் காசில் அரியணையில் உட்கார்ந்த சீயஸ், கையில் கழுகும் செங்கோலும். இதில் சீயஸின் கால்களைக் கவனியுங்கள். இரண்டு கால்களும் இணையாக இருந்தால் பொதுவாக முந்தியவை, ஒரு காலை மற்றதன் பின் மடக்கியிருந்தால் பிந்தியவை. போசைடன், அல்லது கப்பல் முகப்பில் எக்காளம் ஊதும் வெற்றித் தேவதை என்றால் தெமெட்ரியஸ், சலாமிஸ் வெற்றியைத்தான் ஊதுகிறாள்.

செலூக்கியர்களுக்கு அப்பல்லோ. தன் கோயில் இருந்த டெல்ஃபியின் தொப்புள் கல்லில் உட்கார்ந்து, கையில் ஓர் அம்பைப் பிடித்திருப்பார். ஓரத்தில் நங்கூரம் ஒன்று தெரிந்தால் அதுவும் அவர்களுடையதே. செலூக்கஸின் தாய் கனவில் அப்பல்லோவைக் கண்டாள், நங்கூரம் பொறித்த மோதிரம் ஒன்று கிடைத்தது, பிறந்த பிள்ளையின் தொடையிலும் நங்கூர மச்சம் இருந்தது, அது வம்சத்துக்கே வந்தது என்பது கதை. கடலை விட்டு வெகுதூரம் பாபிலோனில் ஆண்ட வீட்டுக்கு நங்கூரம் சின்னமானது எப்படி என்று கேட்டவர்களுக்கு அந்தக் கதை பதிலாக இருந்திருக்கும்.

ஏழாம் படி: எழுத்து

கிரேக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் காசுகளில் பெயர் ஆறாம் வேற்றுமையில் இருக்கும். "பசிலெயோஸ்" என்றால் அரசனுடைய. "அலெக்சாண்ட்ரூ", "லிசிமாகூ", "அன்டியோகூ" என்று "ஊ" ஒலியில் முடிந்தால் அலெக்சாண்டருடைய, லிசிமாகஸுடைய, அன்டியோகஸுடைய. காசு யாருடையது என்பதுதான் சொல்ல வந்தது. வட்டமும் அதை ஒட்டி ஆங்கில ஒய் போன்ற கவட்டையும் சேர்ந்து முடிவில் வந்தால் அதுதான் அந்த "ஊ". அலெக்சாண்டரின் முந்திய காசுகளில் வெறும் பெயர் மட்டும். "அரசனுடைய" என்ற சொல் பின்னால்தான் சேர்ந்தது.

நம் பக்கத்தில் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசில் ஒரு தலையும் அதன்மேல் தமிழ் பிராமியில் "மாக்கோதை" என்ற பெயரும் உண்டு. அங்கே தலை போடும் பழக்கம் ரோமக் காசு வழியாக வந்தது. பெயருக்கு வேற்றுமை உருபு எதுவும் இல்லை, எழுவாயாக நிற்கிறது. கிரேக்கன் உடைமையைச் சொன்னான், சேரன் பெயரைச் சொன்னான்.

பெயருக்குப் பின் பட்டப்பெயர்கள் வரும். சோட்டேர் என்றால் காப்பவன், நிக்கடோர் வென்றவன், யூர்கெடெஸ் நன்மை செய்பவன். காலம் போகப் போக இவை நீண்டுகொண்டே போகும். நான்காம் அன்டியோகஸ் காசில், அரசர் அன்டியோகஸ், தெய்வம், வெளிப்பட்டவர், வெற்றி ஏந்தியவர் என்று பக்கம் நிரம்பிவிடும். வெளிப்பட்டவர் என்பதற்கு எபிஃபனெஸ். மக்கள் அதில் ஓர் ஒலியை மாற்றி எபிமனெஸ், அதாவது பைத்தியம், என்று கூப்பிட்டதாக பொலிபியஸ் எழுதுகிறார். நம் ஊர் மேடைகளில் அடைமொழி நீளும்போது எனக்கு இந்தக் காசு நினைவுக்கு வரும்.

இந்து குஷ் மலையைத் தாண்டி வந்த அரசர்கள் இரண்டு மொழியில் எழுதினார்கள். மெனாண்டரின் ட்ராக்மா வெறும் 2.45 கிராம், இந்திய எடை முறை. ஒரு பக்கம் "பசிலெயோஸ் சோட்டெரோஸ் மெனாண்ட்ரூ", மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில் பிராகிருதமாக "மஹாராஜஸ த்ரதரஸ மெனத்ரஸ". ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் வரும் "ஸ" நம் "உடைய". இப்படி ஒரே செய்தி இரண்டு எழுத்தில் இருந்ததால்தான் 19ஆம் நூற்றாண்டில் மறந்துபோன இந்திய எழுத்துகளைப் படிக்க வழி பிறந்தது. அகதோக்கிளிஸ் இன்னும் ஒரு படி போனார். 1970இல் ஆப்கானிஸ்தானின் ஐ-கானூமில் கிடைத்த அவருடைய சதுர வெள்ளிக் காசுகளில் அரசர் முகமே இல்லை. ஒரு பக்கம் கலப்பையோடு பலராமர், மறுபக்கம் சக்கரத்தோடு வாசுதேவ கிருஷ்ணர்.

எட்டாம் படி: ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்துகள்

தெய்வத்தின் காலடியிலும் அரியணைக்கு அடியிலும் இருக்கும் சின்னச் சின்னக் குறிகள் எந்த ஊரில், எந்த அதிகாரியின் பொறுப்பில் அடித்தது என்று காட்டுபவை. சிலவற்றில் ஆண்டும் இருக்கும். தமிழில் க என்றால் 1, உ என்றால் 2 என்று எழுதினோமே, கிரேக்கரும் எழுத்தையே எண்ணாக எழுதினார்கள். செலூக்கிய ஆண்டு கி.மு. 312 இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. காசில் உள்ள எண்ணை 313இலிருந்து கழித்தால் அந்த ஆண்டு தொடங்கிய கி.மு. வருடம் கிடைக்கும்.

பயிற்சிக்கு ஆறாம் அன்டியோகஸ் காசை எடுங்கள். பாலாஸுக்கும் கிளியோபாட்ரா தேயாவுக்கும் பிறந்த பிள்ளை. தலையில் பட்டம், அதிலிருந்து சூரியக் கதிர்கள், முகமோ பால்மணம் மாறாத சிறுவன். பின்பக்கம் குதிரைமேல் சீயஸின் பிள்ளைகளான இரட்டையர். கீழே ஒரு வட்ட எழுத்து, அடுத்து ஆங்கிலப் பி போன்ற ரோ: 70, 100. ஆக 170ஆம் ஆண்டு, கி.மு. 143 இலையுதிர் முதல் 142 வரை. இப்போது ஓரத்தில் பாருங்கள், மூன்று எழுத்து: ட்ரூ. பையனை அரியணையில் ஏற்றிவைத்த தளபதி ட்ரிஃபோனின் பெயரில் முதல் எழுத்துகள். கொஞ்ச நாளில் பையன் இறந்தான். மருத்துவர்களுக்குக் காசு கொடுத்து, சிகிச்சை என்ற பெயரில் ட்ரிஃபோனே கொன்றதாக ரோமர் வரலாறு சொல்கிறது. அடுத்து வந்த காசில் ட்ரிஃபோனின் தலையே பட்டத்தோடு. பின்பக்கம் அப்பல்லோ இல்லை, இரட்டையர் இல்லை. கூர்முனைத் தலைக்கவசம் ஒன்று, அதன் முன்னால் பெரிய வரையாட்டுக் கொம்பு வளைந்து நிற்கிறது. "பசிலெயோஸ் ட்ரிஃபோனோஸ் அவ்டோக்ரடோரோஸ்": தானே ஆளும் அரசர் ட்ரிஃபோனுடைய. செலூக்கியர் ஆண்டுக் கணக்கையும் விட்டுவிட்டார்.

வீட்டிலிருந்தே பழகிப் பார்க்க

காசு வாங்க வேண்டியதில்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்க நாணயவியல் கழகம் அலெக்சாண்டர், செலூக்கியர், தாலமிகள் என்று தனித்தனித் தளங்களே நடத்துகிறது. வாங்கத்தான் வேண்டுமென்றால், இந்தியாவில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

படம் கிடைத்ததும் முதலில் திரேஸ் நாட்டு அரசர் லிசிமாகஸின் நாலு ட்ராக்மா காசில் தொடங்குங்கள். கி.மு. 297 வாக்கிலிருந்து அடித்தது, ஏராளமாகக் கிடைக்கிறது. முன்பக்கத்தில் பட்டம் இருக்கிறதா? இருக்கிறது, முடிச்சின் நுனிகள் பின்கழுத்தில் பறக்கின்றன. கடாக் கொம்பு காதைச் சுற்றி, முடியைப் பிரித்துக்கொண்டு வருகிறது. கண் மேலே பார்க்கிறது. ஆக இது அலெக்சாண்டர், லிசிமாகஸ் அல்லர். திருப்புங்கள். அதீனா உட்கார்ந்திருக்கிறாள், கவசம் அணிந்த தலை, முழங்கை கேடயத்தின்மேல். நீட்டிய உள்ளங்கையில் சுண்டுவிரல் உயரத்தில் வெற்றித் தேவதை நிற்கிறாள், அவள் கையில் மாலை. மாலையை யாருக்குச் சூட்டுகிறாள் என்று அவள் கையின் நேரே பாருங்கள். அங்கே ஆளே இல்லை. மேலிருந்து கீழாக எழுதிய "லிசிமாகூ" என்ற பெயரின் முதல் எழுத்துக்குத்தான் மாலை விழுகிறது.

லிசிமாகஸ் கி.மு. 281இல் கொருபெடியம் போரில் செலூக்கஸோடு மோதி இறந்தார், அவருடைய அரசும் அதோடு போயிற்று. காசு மட்டும் நிற்கவில்லை. வணிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் பழகிய காசு என்பதால் பைசான்டியம் முதலிய நகரங்கள் அதே அலெக்சாண்டர், அதே அதீனா, அதே பெயரோடு நெடுங்காலம் அடித்துக்கொண்டிருந்தன. உங்கள் படத்தில் அதீனாவின் இருக்கைக்குக் கீழே படுக்கைவாட்டில் ஒரு திரிசூலம் தெரிந்தால் அது பைசான்டியத்தில் அடித்தது.